அவான் பீரு கொண்டோவின் உறவினர் சரிபார்ப்பு

‘உறவினர் என்பவர் யார்?’ என்ற கேள்வியோடு மனித குலம் பல்லாயிரம் ஆண்டுகள் மல்லுக்கட்டியது. பாயான் பாருவில் இருக்கும் அவான் பீரு கொண்டோ என்ற அடுக்குமாடிக் குடியிருப்பின் நிர்வாகக் குழுவோ அதை ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, தட்டிலிருந்த கறிப்பாப் சூடு ஆறுவதற்குள் தீர்த்துவைத்தது.

அந்தப் பெருமை முழுதும் தலைவர் ஹென்றியைச் சேரும். அஞ்சலகத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். சில வீட்டுக்காரர்கள் தங்கள் வீட்டைச் சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விட்டார்கள். பெட்டிச் சக்கரங்கள் நடைபாதையை உழுதன. நீச்சல் குளத்தில் அந்நியர்கள், அதுவும் சிரித்துக்கொண்டே, மிதந்தார்கள். ஹென்றிக்குப் பொறுக்கவில்லை. ‘கட்டண விருந்தாளிகளுக்குத் தடை, உறவினர்களுக்கு மட்டும் அனுமதி’ என்று தீர்மானம் நிறைவேற்றினார்.

மறுவாரமே கொண்டோ முழுக்க உறவினர்கள். பதினான்காம் மாடியில் தனியாக வசிக்கும் ஓய்வுபெற்ற மருத்துவமனைத் தாதி எவ்லினுக்கு மட்டும் ஒரே மாதத்தில் மூன்று கொரியத் தங்கைகளும், ஒரு பிரேசில் சம்பந்தியும், லார்ஸ் என்ற சுவீடன் மருமகனும் முளைத்தார்கள்.

ஹென்றி அசரவில்லை. ‘உறவுநிலை உறுதிப்பாட்டுப் படிவம்’ பிறந்தது. வீட்டுக்காரருக்கும் விருந்தாளிக்கும் குடும்பத்தைப் பற்றி அதே பன்னிரண்டு கேள்விகள். தனித்தனியாகப் பதில் சொல்ல வேண்டும். ஏழு பதில்கள் பொருந்தினால் உறவு. குறைந்தால் வியாபாரம். “தலைவருக்கும் இதே விதிதான்!” என்று அவர் முழங்கியபோது கைதட்டல் எழுந்தது. முதலில் தட்டியவர் அவரே.

முதல் சோதனை லார்ஸுக்கு. காவல் கூண்டில் ஹென்றியே விசாரணை நடத்தினார்.

“எவ்லின் உனக்கு என்ன வேணும்?”

“அத்தை லா,” என்றான் லார்ஸ், ஒன்பது நாளில் கற்ற தமிழில்.

“அத்தைக்கு என்ன சீக்கு?”

“இனிப்புநீர். டீயில சீனி போடாதீங்க.”

“குடும்பத்துல யாரோட பேச்சு இல்ல?”

“மெர்சி சித்தியோட. கல்யாண விருந்துல கோழி பத்தல.”

பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. தன் தாளை எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே நின்ற எவ்லினிடம் ஹென்றி திரும்பினார்.

“உண்மையச் சொல்லு எவ்லின், இவன் உன் சொந்தமா?”

“தினமும் என்கூட உக்காந்து பசியாறுறான், அண்ணே. மருந்து போட்டாச்சான்னு கேக்குறான். உங்க ஃபார்ம்ல வேற என்ன கேட்டிருக்கீங்க?”

வேறு ஒன்றும் கேட்கப்படவில்லை. லார்ஸ் சட்டப்படி மருமகனானான்.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம், ஒரு பை ரம்புத்தானோடு சுங்கை பாக்காப்பிலிருந்து பேட்ரிக் வந்து இறங்கினார். ஹென்றியின் ஒரே தம்பி. இரண்டு நாள் தங்குவதாக வந்தவரைக் காவலர் தங்கராஜு கூண்டிலேயே நிறுத்திவிட்டார். ஹென்றி கீழே வந்தபோது, எவ்லினும் லார்ஸும் இன்னும் நாலைந்து பேரும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். தப்ப வழியில்லை. அண்ணனும் தம்பியும் முதுகைக் காட்டி உட்கார்ந்து எழுதினார்கள்.

பேட்ரிக்கின் பேனா ஓடியது. ஹென்றியின் பேனா நாலாம் கேள்வியில் நின்றது. ‘விருந்தாளியின் பிள்ளைகள் பெயர்.’ மூத்தவள் பெயர் ‘கி’யில் தொடங்குமா, ‘ஜெ’யிலா? யோசித்து, ‘பிள்ளைகள்: உண்டு’ என்று எழுதினார். நோய்: ‘வயதுக்கேற்ப.’ கடைசியாகச் சேர்ந்து சாப்பிட்டது: ‘அண்மையில்.’

தங்கராஜு இரண்டு தாள்களையும் நிதானமாக ஒப்பிட்டார்.

“தலைவரே, மூணுதான் ஒத்துப்போவுது. அப்பா பேரு, அம்மா பேரு, அப்புறம் உறவுமுறை.”

“அவன் என் கூடப்பொறந்த தம்பிய்யா!”

“எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க லா.” தங்கராஜு தாளைத் திருப்பிக் காட்டினார். “கடைசியா சேந்து சாப்பிட்டது, நீங்க ‘அண்மையில்’னு போட்டிருக்கீங்க. இவரு எழுதியிருக்காரு, ‘எட்டு வருசத்துக்கு முன்ன, அம்மாவோட முப்பதாம் நாள் பூசையில’.”

தம்பி வீட்டுக்குப் பாலம் தாண்டினால் ஒரு மணி நேரப் பயணம்தான். ஹென்றி தன் பேனாவின் மூடியைத் தேடுவதுபோல் தரையைப் பார்த்தார்.

“பரவால்ல அண்ணே,” என்றார் பேட்ரிக். “மூத்தவ பேரு கிறிஸ்டல். அவளுக்குத்தான் கல்யாணம். நேர்ல சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்.”

எவ்லின்தான் முன்னால் வந்தார். “சாப்பிட்டீங்களா தம்பி? மேல வாங்க. மீன் கறி இருக்கு.”

லார்ஸ் ரம்புத்தான் பையை வாங்கிக்கொண்டான். லிஃப்டுக்குக் காத்திருந்த நேரத்தில் கிறிஸ்டலின் கல்யாணத் தேதி, மாப்பிள்ளையின் வேலை, பேட்ரிக்கின் முட்டிவலி எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டான். பக்கத்தில் நின்ற எவ்லினும் கேட்டுக்கொண்டார். பேட்ரிக்கை எவ்லினின் விருந்தாளியாகக் காட்டிய புதிய படிவத்தில் இருவருக்கும் பதினொன்று பொருந்தின.

ஒழுங்குமுறையின் மகத்தான வெற்றி அந்த மாதக் கூட்டக் குறிப்பில் பதிவாகியுள்ளது: ‘சரிபார்க்கப்பட்ட உறவுகள்: இருபத்தாறு. பிடிபட்ட குற்றம்: ஒன்று. முன்பின் தெரியாத ஒருவரைத் தம்பி என்று கூறி வீட்டுக்குள் அழைத்துச்செல்ல முயன்றவர்: தலைவர்.’