பாறை ஏறிய நீல மழைக்கோட்டுகள்

வழிகாட்டியாக முன்னால் நடப்பவன் அவ்வப்போது திரும்பிப் பார்க்க வேண்டும். ஆடு மேய்ப்பவர்களுக்குக்கூடத் தெரிந்த விஷயம் இது. எனக்குத் தெரிவதற்கு லால்பாக் பாறை உச்சிவரை ஏற வேண்டியிருந்தது.

ரேவதியும் அவள் அப்பா அம்மாவும் ஆற்காட்டிலிருந்து மாப்பிள்ளை பார்க்க வந்திருந்தார்கள். மாப்பிள்ளை நான்தான். ஜோகுபாளையத்தில் எங்கள் வீட்டில் கேசரி முடிந்ததும், பையனோடு வெளியே கொஞ்சம் நடந்து பேச வேண்டும் என்றார் அவள் அப்பா. (இன்டர்வியூவில் இரண்டாவது ரவுண்டு.) லால்பாக் தோட்டத்துக்கு அழைத்துப்போனேன். அதன் சரித்திரத்தை முந்தின நாளே செல்போனில் படித்து மனப்பாடம் செய்திருந்தேன்.

உள்ளே நுழைந்ததும் மழை. வாசலுக்கு ஓடிப்போய் எல்லோருக்கும் ஒரே மாதிரி நீல பிளாஸ்டிக் மழைக்கோட்டு வாங்கி வந்தேன். என் போன் நனையாமல் இருக்கட்டும் என்று அவள் அம்மாவின் கைப்பையில் போட்டேன். (பொறுப்பான பையன்.) கண்ணாடி மாளிகையில் கூட்டத்தோடு ஒதுங்கினோம். மழை சற்றுக் குறைந்ததும், பாறைக்குப் போகலாம் என்று கையை வீசிக் கிளம்பினேன்.

பின்னால் மூன்று நீலக் கோட்டுகள் வந்தன. பாறைக்கு முந்நூறு கோடி வயது என்றேன். உச்சியில் தெரிவது கெம்பேகவுடா கோபுரம் என்றேன். யாரும் குறுக்கே பேசாததால் தைரியம் வந்தது. கல்யாணத்துக்குப் பிறகு ரேவதி வேலைக்குப் போவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை என்றும், சமையலில் எனக்கு ரசம் வரை வரும் என்றும் சொன்னேன். அப்போதும் மௌனம். அமைதியான குடும்பம் என்று சந்தோஷப்பட்டேன்.

உச்சியில் நின்று திரும்பி, "கால் வலிக்குதா மாமா?" என்றேன்.

மாமா தலைமறைப்பை விலக்கினார். பெரிய மீசை. ரேவதியின் அப்பாவுக்கு மீசையே கிடையாது.

"நமகெ தமிள் பரல்லா சார்," என்றார். தமிழ் தெரியாதாம்.

துமகூரிலிருந்து வந்த குடும்பம். அதே வாசலில் வாங்கிய அதே நீலக் கோட்டு. என் கைவீச்சைப் பார்த்துத் தோட்டத்துக் கைடு என்று நினைத்துப் பின்னாலேயே வந்திருக்கிறார்கள். ஏரி எந்தப் பக்கம் என்று கன்னடத்தில் கேட்டார்கள். காட்டிவிட்டு ஓடினேன். ஈரப் பாறையில் பாதித் தூரம் உட்கார்ந்தபடியேதான் இறங்கினேன்.

ரேவதி வீட்டார் கண்ணாடி மாளிகையிலேயே நின்றிருந்தார்கள்.

"அம்மாவுக்கு பட்டன் போட்டுவிட்டு நிமிர்றதுக்குள்ள போயிட்டீங்க. கூப்பிட்டேன், உங்க காதுல விழல," என்றாள் ரேவதி.

அவள் அப்பா என் பேண்ட்டின் பின்பக்கத்தைப் பார்த்தார். "எல்லாம் சுத்திக் காட்டிட்டீங்களா தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

ஊர் திரும்பும் பஸ்ஸில், பையன் எப்படி என்று ரேவதியிடம் கேட்டார்களாம். அவள் பதில் சொல்ல முடியாமல் வேலூர் வரை சிரித்திருக்கிறாள். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டார்கள்.

இப்போதும் குடும்பமாக எங்கே போனாலும் பின்னாலிருந்து மாமியார் குரல் கொடுப்பார்: "மாப்ள, நாங்கதான் வர்றோம்." போன வாரம், தண்ணீர் குடிக்க ஹாலிலிருந்து சமையலறைக்குப் போனபோதும் கொடுத்தார்.