அரைக் கிலோ இறாலும் ஓர் அரும்பெருஞ் சபதமும்

வாழ்க! வாழ்க! சிவப்பு மைப் பேனா செருகிய சட்டைப்பையன், கோப்புக்கட்டுகளின் கோமகன், பணிமூப்புப் பட்டியலின் இமையாக் காவலன், இருபத்திரண்டு ஆண்டுகளாக ஒரே நாற்காலியில் ஒரே தோரணையில் வீற்றிருந்து, அலுவலகத்தில் யார் முன்னால் யார் பின்னால் என்னும் பேரறத்தை மயிரிழையும் வழுவாமல் காத்துநின்ற கண்காணிப்பாளன், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு அரைக்கால் சட்டையும் வெற்று மார்புமாய் அடுக்களை வாசலில் வந்து நின்ற அந்தத் திருக்கோலம் வாழ்க! பாடப் புலவர் யாரும் கிடைக்காத காரணத்தால் இங்கே உரைநடையில் சொல்லப்படுகிறது.

எரிவாயு உருளையே, இரும்பு வயிற்றினளே, நீலச்சுடர்க் கூந்தலாளே, உன்னை முதற்கண் வணங்குகிறோம். கதை பாதியில் நிற்கும்போது நீ தீர்ந்துபோனால் எங்கள் மானம் கப்பலேறிவிடும். கத்தியே, வெங்காயத்தை வெட்டு, விரலை விட்டுவிடு. பாலே, பொங்கு, ஆனால் பார்த்துப் பொங்கு. வேறு வரம் எதுவும் வேண்டாம்.

இப்பெரும்போரின் மூலம் யாதெனில், அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை நம் தலைவன் தன் மனைவியோடு அவள் அண்ணன் வீட்டுக்கு விருந்துக்குப் போயிருந்தான். அந்த மச்சானோ பல் செட் செய்யும் தொழிலால் ஊரார் வாயையெல்லாம் தன் கைக்குள் வைத்திருந்தவன். போதாக்குறைக்குச் சமைக்கவும் தெரிந்தவன். பாலும் வெண்ணெயும் பலவகைக் காய்கறியும் கூடிக் கொதிக்க, நடுநடுவே இறால்கள் இளஞ்சிவப்பாய்ச் சுருண்டு மிதக்கும் சௌடர் என்னும் கெட்டிச் சூப்பை அவன் அன்று வைத்திருந்தான். தலைவன் குழாயைச் சரிசெய்தபோது "ம்" என்றவள், கதவுக்குப் பெயின்ட் அடித்தபோது "ம்" என்றவள், பதினெட்டு ஆண்டு இல்வாழ்வில் அந்த ஒற்றை எழுத்துக்கு மேல் ஒரு பாராட்டும் வழங்கியறியாத அந்த இல்லத்தரசி, அன்று கிண்ணத்தை வழித்துக் குடித்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் ஊத்துண்ணா" என்று நீட்டினாள். தலைவன் அதைப் பார்த்தான்.

பார்த்ததோடு முடிந்திருந்தால் உலகம் தப்பியிருக்கும். வீடு திரும்பும்போது ஸ்கூட்டரின் பின்னிருக்கையிலிருந்து, "எங்கண்ணன் கைப்பக்குவமே தனிங்க" என்றொரு அம்பு புறப்பட்டு, ஹெல்மெட்டைத் துளைத்து, நேரே அவன் நெஞ்சில் போய்த் தைத்தது. அப்போது நாற்சந்தியில் சிவப்பு விளக்கு விழுந்திருந்தது. வண்டிகள் நூறு அணிவகுத்து உறுமிக்கொண்டிருந்த அப்பெருங்களத்தின் நடுவே, வீரன் காலை ஊன்றித் திரும்பி முழங்கினான்.

"கேட்டுக்கோ! வர்ற ஞாயித்துக்கிழமை அதே சூப்ப நான் வைக்கிறேன். உன்கிட்ட ஒரு வார்த்தை கேக்க மாட்டேன். நீயா கிண்ணத்த நீட்டி ரெண்டாவது தடவை கேப்ப, பாரு. கேக்கலேன்னா, ஆயுசுக்கும் ஞாயித்துக்கிழமை சமையல் என் தலையில. கேட்டுட்டியோ, உங்கண்ணன் கைப்பக்குவத்தப் பத்தி என் காதுபட மூச்சு விடக் கூடாது!"

"பச்சை விழுந்துருச்சு, வண்டிய எடுங்க" என்றாள் அவள்.

ஆனால் உள்ளூர அவளுக்குத் தலைகால் புரியவில்லை. மூக்குக் கண்ணாடிக் கடையில் வாரத்தில் ஆறு நாள் நின்றபடியே ஃப்ரேம் எடுத்துக் காட்டிக் காட்டிக் கணுக்கால் வீங்கி, ஏழாம் நாளும் அடுப்போடு மல்லுக்கட்டுகிறவள் அவள். ஆயுசுக்கும் ஞாயிற்றுக்கிழமை ஓய்வு! தேவாமிர்தத்தையே ஊற்றினாலும் இரண்டாம் கிண்ணம் கேட்பதில்லை என்று அந்த நாற்சந்தியிலேயே அவள் முடிவு கட்டிவிட்டாள். ஆக, போர் தொடங்குமுன்பே நம் வீரன் தோற்றுவிட்டான். அவனுக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

நிற்க. மச்சானிடமிருந்து செய்முறைத் தாள் ஒன்று வரவழைக்கப்பட்டது. மாற்றானின் படைவியூகத்தைக் கைப்பற்றிய தளபதியின் பெருமிதத்தோடு அதை மேடையில் விரித்து, பேனாவைத் திறந்து, வரிவரியாகப் படித்துவந்த தலைவன், ஆறாம் வரியில் அதிர்ந்து நின்றான். "அடுப்பை அணைக்க மூணு நிமிஷம் இருக்கும்போது கடைசியாக இறாலைப் போடவும்" என்றிருந்தது. கடைசியாகவா? யாரை? புதன்கிழமையே வாங்கப்பட்டு, நான்கு நாள் உறைபெட்டியின் கடுங்குளிரில் பல்லைக் கடித்துக்கொண்டு பணியாற்றியவர்களையா? வெள்ளிக்கிழமை வந்த வெங்காயமும், இன்று காலை எட்டு மணிக்கு வந்த கேரட்டும் செலரித் தண்டும் சோளமும், மறந்துபோய் மறுபடி கடைக்கு ஓடிப் பத்து மணிக்கு வாங்கிவரவேண்டியிருந்த உருளைக்கிழங்கும் ஜம்மென்று முன்னே போய்ப் பானையில் உட்கார, மூத்தவர் வாசலில் நிற்பதா?

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். பதினோரு ஆண்டுகளுக்கு முன், அதே அலுவலகத்தில், நம் தலைவனுக்கு நான்காண்டு இளையவன் ஒருவன், மேலிடத்தில் யார் காலையோ பிடித்து, பதவி உயர்வில் அவனை முந்திக்கொண்டு போனான். அறிவிப்புப் பலகையில் அந்தப் பட்டியலைத் தலைவன் மூன்று தடவை படித்தான். மூன்று தடவையும் தன் பெயர் அதில் இல்லை. அந்தக் காயம் இன்றுவரை ஆறவில்லை.

எனவே வீறுகொண்டெழுந்த அவ்வேந்தன், ஆறாம் வரியைச் சிவப்பு மையால் அடித்து, பக்கத்தில் "திருத்தப்பட்டது" என்றெழுதிச் சுருக்கொப்பமிட்டு, பணியில் சேர்ந்த தேதி வாரியாகப் புதிய பட்டியல் ஒன்று தயாரித்தான். முதலாவது இறால், கடைசி உருளைக்கிழங்கு. பால், வெண்ணெய், மைதா மூவரும் தற்காலிகப் பணியாளர்கள் என்பதால் பட்டியலில் சேர்க்கப்படவில்லை. பின்னர் கிண்ணத்திலிருந்த இறால்களை நோக்கிக் குனிந்து, "கவலைப்படாதீங்க. நான் இருக்கிற வரைக்கும் உங்கள ஒருத்தன் முந்த முடியாது" என்றான். சொல்லும்போது குரல் தழுதழுத்தது.

அவ்வளவு பரிவு காட்டிய தலைவனிடம் இறால்கள் நன்றியோடு நடந்துகொண்டனவா என்றால், இல்லை. மீசை வேல்களும் தலைக் கிரீடமும் முதுகுக் கவசமும் தரித்த அந்த நாற்பது போர்வீரர்களும் ஒவ்வொருவராகக் குத்திவிட்டுத்தான் ஓடு கழன்றார்கள். ஒருவன் கைநழுவித் துள்ளிக் குளிர்பெட்டிக்கு அடியில் புகுந்தான். அவனைத் துடைப்பத்தின் காம்பால் இழுக்கப் போய், போன வருடம் காணாமல்போன ஒரு தேக்கரண்டிதான் வந்தது. முதுகு நரம்பு எடுக்க வேண்டும் என்று தாளில் இருந்தது. அதற்குத் தலைவன் பயன்படுத்திய ஆயுதம், கோப்புகளைக் குத்தும் ஊசி. பத்தே முக்காலுக்கு, வெற்றிவாகை சூடிய முப்பத்தொன்பது மூத்தவர்களும் முழு மரியாதையோடு கொதிநீரில் இறக்கப்பட்டார்கள்.

அடுத்து வெங்காயம். அது அடி வாங்கிக்கொண்டே அழவைக்கும் சூழ்ச்சிக்காரப் பகை. தாரை தாரையாய்க் கண்ணீர் வழிய, மூக்கைப் புறங்கையால் துடைத்தபடி, கண்ணை மூடிக்கொண்டே வாள் சுழற்றி, ஐந்து வெங்காயத்தையும் ஐம்பது வடிவங்களில் வீழ்த்தி முடித்தபோது, ஒன்றுக்கொன்று ஒட்டுறவே இல்லாத அந்தத் துண்டுகளில் சில சுவர்க் கடிகாரத்தின் மேலும் இருந்தன. மேடையில் இடமில்லாமல் போகவே, கேரட் தோல் தரைக்கு இறங்கியது. ஒவ்வொரு காய்க்கும் ஒரு தனிப் பாத்திரம், ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு மூடி என்று அலமாரி காலியாகிக்கொண்டே வந்தது.

பதினொன்றரை மணியளவில் பேரிடர் ஒன்று நேர்ந்தது. உப்பைக் காணோம். கேட்டால் சபதம் முறியும். கேட்காவிட்டால் சூப்பு முறியும். இருதலைக்கொள்ளி எறும்பாய்த் தவித்த வீரன், ஈற்றில் அரசதந்திரத்தைக் கையிலெடுத்து, கூடத்து நாற்காலியில் கால் நீட்டிச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தவளின் காதில் விழும்படி ஆகாயத்தைப் பார்த்துப் பேசினான்.

"உப்பு எங்க இருக்குன்னு நான் கேக்கல. பொதுவா வீடுகள்ல உப்ப எங்க வைப்பாங்கன்னு ஒரு யோசனை."

"கேக்கல இல்ல? அப்ப நானும் சொல்லல" என்று பக்கம் திருப்பினாள் அவள்.

அரைமணி நேர வேட்டைக்குப்பின், அவன் முழங்கைக்குப் பக்கத்திலேயே உப்பு இருந்தது. அந்த அரைமணியில் பால் தன் வேலையைக் காட்டிவிட்டது. தற்காலிகப் பணியாளர் தானே என்று பக்கத்து அடுப்பில் கவனிப்பாரற்றுக் கிடந்த பால், பொங்கியெழுந்து, கரை கடந்து, அடுப்பின் நீலச்சுடரை அவித்து, மேடையிலிருந்து அருவியாய் இழிந்து, இழுப்பறைக்குள் புகுந்து, கரண்டிகளையெல்லாம் முழுக்காட்டியது. மிச்சப் பாலில் மைதாவைக் கொட்டியபோது, அது கரைய மறுத்துக் கட்டி கட்டியாய்த் திரண்டு எதிர்த்து நின்றது. அக்கட்டிகளைக் கரண்டியால் தாக்கிய வேகத்தில் ஒரு கவளம் மின்விசிறியைச் சென்றடைய, மின்விசிறி அதைப் பாரபட்சமின்றி நான்கு சுவருக்கும் பகிர்ந்தளித்தது. வீரன் பின்வாங்கினானா? பின்வாங்க அங்கே இடமில்லை, பின்னாலும் பாத்திரம்.

பட்டியலில் கடைசியாய் நின்ற உருளைக்கிழங்கின் முறை வந்தபோது மணி பன்னிரண்டு ஐம்பது. அப்போதே அழைப்பு மணியும் ஒலித்தது. நடுவராக வரவழைக்கப்பட்டிருந்த மச்சான் வாசலில் நின்றிருந்தான். "என்ன மாப்பிள்ளை, ஏதோ தீயற வாசனை வருது?" என்றான். "அது அப்படித்தான் வரும்" என்றது அரசகம்பீரம்.

சரியாக ஒரு மணிக்கு மூன்று கிண்ணங்கள் மேசையேறின. கண்ணுக்கு என்னமோ லட்சணமாகத்தான் இருந்தது. கேரட்டின் செம்மையும் சோளத்தின் பொன்மையும் செலரியின் பசுமையும் வெண்கடலில் மிதக்க, மிளகுத்தூள் மேலே பறந்தது. ஆனால், ஐயோ, அந்த மூத்தவர்கள்! இரண்டேகால் மணி நேரம் தொடர்ந்து கொதித்துச் சட்டைப் பொத்தான் அளவுக்குச் சுருங்கிக் கிடந்தார்கள். மச்சான் ஒருவரை வாயிலிட்டான். இடப்பக்கம் மென்றான். வலப்பக்கம் மாற்றி மென்றான். இருபது வருடத் தொழில் அனுபவத்தைத் திரட்டி முன்பற்களால் ஒருமுறை முயன்றுவிட்டு, தண்ணீர் குடித்து விழுங்கினான்.

"மாப்பிள்ளை, இத ஊர் பூரா சாப்பிட வச்சீங்கன்னா எனக்கு ரெண்டு வருஷத்துக்கு வேலை இருக்கு."

தலைவன் அவனைப் பார்க்கவில்லை. எதிரே குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான், அன்று அறிவிப்புப் பலகையைப் பார்த்த அதே கண்களால். அவள் வாயில் உருளைக்கிழங்கு "நறுக்"கென்றது. வேகாத உருளைக்கிழங்குக்கு மட்டுமே உரிய ஓசை அது; அந்த வீட்டில் மூன்று பேருக்கும் அது தெளிவாகக் கேட்டது. அவனுக்குச் சபதம், மச்சான், கைப்பக்குவம் எல்லாம் எங்கோ போய்விட்டன. வாழ்நாளில் ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு பட்டியலில், தன் பெயர் இருக்காதா என்று மட்டும் அந்த மனம் ஏங்கியது. பாவம்தான், என்ன செய்வது.

அவளோ கடைசிச் சொட்டு வரை முடித்தாள். கிண்ணத்தை வைத்தாள். வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தால் போதும், வெற்றி அவளுடையது, ஆயுசுக்கும் ஞாயிற்றுக்கிழமை அவளுடையது. அந்த இனிய கணத்தில்தான் அவள் பார்வை தற்செயலாக அடுக்களைப் பக்கம் திரும்பியது. கருகிய பால்சட்டி தெரிந்தது. மின்விசிறியிலிருந்து தொங்கிய மைதா தெரிந்தது. பாத்திரங்களின் கோபுரமும், தரையில் இறால் ஓடும், கடிகாரத்தின் மேல் வெங்காயமும் தெரிந்தன. இது ஒரு ஞாயிறு. வருடத்துக்கு ஐம்பத்திரண்டு. ஆயுசுக்கும் இப்படியா? அடுப்போடு மல்லுக்கட்டுவதே மேல் என்று பட்டது. ஒரு நீண்ட பெருமூச்சு விட்டு, கிண்ணத்தை எடுத்து, கணவனை நோக்கி நீட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் ஊத்துங்க."

"ஏம்மா, உனக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று பதறினான் அண்ணன்.

"நீ சும்மா இருண்ணா" என்றாள் தங்கை, பல்லைக் கடித்துக்கொண்டு. பல்லிடுக்கில் ஒரு இறால் இருந்தது.

எழுந்தான் தலைவன்! முரசுகள் அதிரவில்லை, சங்குகள் முழங்கவில்லை, எனினும் அவன் செவிக்கு அவையனைத்தும் கேட்டன, பதினோராண்டுப் பழங்காயம் ஒரு நொடியில் ஆற, கண்கள் பனிக்க, மார்பு விம்ம, அகப்பையைச் செங்கோலென உயர்த்தி, விளிம்பு தட்ட அவள் கிண்ணத்தை நிறைத்து, எண்டிசையும் கேட்க அந்த ஏந்தல் அறைகூவினான்: "உனக்கு இவ்வளவு பிடிக்கும்னு எனக்குத் தெரியாமப் போச்சேம்மா! தோத்தாத்தான் சமைக்கணும்னு சொன்னேன். இப்ப ஜெயிச்சுட்டும் சொல்றேன், இனிமே வாரா வாரம் ஞாயித்துக்கிழமை சமையல் நான்தான்!" இவ்வாறு கேளாத வரத்தை வாரி வழங்கிய வள்ளல், கரண்டி வாயருகே நிற்கத் திகைத்திருந்த தேவியின் தோளைப் பரிவோடு தட்டிக்கொடுத்து, களைப்புற்ற வேங்கையெனப் படுக்கையறை புகுந்து, மின்விசிறியை ஐந்தில் வைத்து, வெற்றித்துயில் கொண்டான்.

பாத்திரமெல்லாம் அவள் தேய்த்து முடிக்கச் சாயங்காலம் ஐந்தரை ஆகிவிட்டது.