எழுநூற்று எழுபத்தேழு போடும் ஆசாமி

சர்வர் என்கிற பொதுக் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் எந்த அலுவலகத்திலும் ஓர் ஆசாமி இருப்பார். 'இதற்கு உனக்கு அனுமதி இல்லை' என்று திரையில் எழுதிக் காட்டினால் படிக்கவே மாட்டார். இங்கிலீஷ் எழுத்துத் தெரியாத நான் படிக்காததில் நியாயம் உண்டு. பதினாறு வருஷம் பள்ளிக்கூடமும் காலேஜும் போன இவருக்கு என்ன கேடு?

ஆசாமியைக் கண்டுபிடிப்பது சுலபம். கழுத்தில் அடையாள அட்டைப் பட்டை, விரலில் அவசரம். மறுத்த கட்டளையையே முதலில் இன்னும் ஓங்கித் தட்டுவார், ஓங்கித் தட்டினால் இயந்திரம் பயந்துவிடும் என்பதுபோல; பிறகு அதன் முன்னால் 'சூடோ' என்று சேர்ப்பார், அது பெரிய அதிகாரியின் சட்டையை இரவல் வாங்கிப் போட்டுக்கொள்கிற வித்தை; அதிலும் ஆகாவிட்டால் எழுநூற்று எழுபத்தேழு போடுவார். கோப்புக்குச் சொந்தக்காரன், அவன் குழுவைச் சேர்ந்தவன், வழியே போகிறவன், மூவரும் படிக்கலாம், திருத்தலாம், ஓட்டலாம் என்று அதற்கு அர்த்தமாம். பூட்டு திறக்கவில்லையா? கதவைக் கழற்று. இதற்குச் சம்பளம் வேறு!

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி மில் ஒன்றில் சர்வரைப் பார்த்துக்கொள்ள பாண்டிதுரை என்று ஒருவர். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவர். பேக்கிங் பிரிவைப் புதிதாக ஏற்றிருந்த செல்வலட்சுமிக்கு அன்று முதல் ஏற்றுமதி. நாலு மணிக்கு லாரி கிளம்பாவிட்டால் தூத்துக்குடியில் கப்பல் போய்விடும். அவள் பொறுப்பும் கையை விட்டுப் போய்விடும். லேபிள் இல்லாத பெட்டி லாரியில் ஏறாது. சரக்கைச் சரிபார்த்தவர் பெயர் லேபிளில் விழ வேண்டும் என்பதால் அச்சடிக்கும் கட்டளையை அவள்தான் கொடுக்க வேண்டும். அதற்கு உரிய குழுவில் பாண்டிதுரை காலையிலேயே அவளைச் சேர்த்திருந்தார். மதியம் கட்டளை கொடுத்தாள். அனுமதி இல்லை என்றது.

"அண்ணே, காலையில சேத்துட்டேன்னியளே?"

"சேத்தாச்சும்மா. மெஷினு கொழுப்பெடுத்து நிக்கி. செத்த நேரம் இரு, நான் குடுக்கிற குடுப்புல வழிக்கு வரும்."

கொடுத்தார். சர்வரின் அமைப்புக் கோப்புகள் அத்தனைக்கும், ஒன்று விடாமல், எழுநூற்று எழுபத்தேழு. லேபிள் வரவில்லை. மறுபடி சூடோவைக் கூப்பிட்டார். 'யாருக்கு என்ன அதிகாரம் என்று எழுதியிருக்கிற கோப்பையே யாரும் திருத்தலாம் என்று திறந்து போட்டுவிட்டாய். அதை நம்பி உனக்கு எப்படி அதிகாரம் தருவேன்?' என்கிற மாதிரி அது கையை விரித்துவிட்டது. ஊருக்கெல்லாம் அனுமதி கொடுத்த மகராசனுக்கு அனுமதி இல்லை!

"எவனோ ஹேக் பண்ணிட்டான்," என்றார் பாண்டிதுரை.

மணி மூன்றரை. செல்வலட்சுமியின் கண் கலங்கிவிட்டது. பெட்டி கட்டிக்கொண்டிருந்த தங்கபாய் எட்டிப் பார்த்தாள்.

"தம்பி, போன மாசம் எனக்குப் புது கார்டு குடுத்தியள்லா. உள்ளேயே நின்னா பதியாது, கேட்டுக்கு வெளிய போயி காட்டிட்டு வாங்கன்னு நீங்கதான சொன்னிய? இந்தப் பிள்ளை காலையிலருந்து இதுக்குள்ளேயேல்லா கெடக்கா. அவளும் ஒருக்கா வெளிய போயிட்டு வரட்டுமே?"

"யக்கா, அது கேட்டு. இது சர்வர்," என்று சிரித்தார் பாண்டிதுரை.

செல்வலட்சுமி சிரிக்கவில்லை. சர்வரிலிருந்து வெளியேறினாள், பாஸ்வேர்டு போட்டு மறுபடி உள்ளே போனாள், கட்டளை கொடுத்தாள். சேர்த்த பிறகு அவள் புதிதாக உள்ளே வந்தது அப்போதுதான். சர்வர் அவளைக் குழுவில் கண்டுகொண்டது. லேபிள் சரசரவென்று வந்து விழுந்தது. நாலு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கையில் லாரி கேட்டைத் தாண்டியது.

'அனுமதிக் கோளாறு என்னால் சரிசெய்யப்பட்டது' என்று அறிக்கை எழுதினார் பாண்டிதுரை. மறுநாள் மதுரையிலிருந்து ஆள் வந்து, சர்வரை நிறுத்தி, அவர் திறந்துபோட்டதை ஒவ்வொன்றாகப் பூட்ட மூன்று நாள் ஆயிற்று. அது அறிக்கையில் இல்லை.

நன்றாகச் சிரியுங்கள். நேற்று உங்கள் செல்போனில் டார்ச் அடிக்க ஓர் ஆப் இறக்கினீர்கள். உங்கள் சொந்தபந்தம் அத்தனை பேர் நம்பரையும் பார்த்துக்கொள்ளட்டுமா என்று அது கேட்டது. டார்ச்சுக்கு எதற்கு நம்பர்? 'அனுமதி' என்று அமுக்கினீர்களே, படித்துவிட்டா அமுக்கினீர்கள்?