ஒப்பாரிக்கு உரிமையாளர்

மடைநாட்டில் வீட்டுக்கு ஒரு கிளி உண்டு. அரண்மனையே இலவசமாகக் கொடுத்தது. ஒருத்தி பாடுவதை அவள் வீட்டுக் கிளி கூரையேறிச் சொல்லும். அடுத்த வீட்டுக் கிளி அதைக் கேட்டுச் சொல்லும். பொழுது சாய்வதற்குள் பாட்டு நாட்டின் எல்லையைத் தொட்டுவிடும். தாலாட்டும் மாமியார் கேலியும் அப்படித்தான் ஊர் சுற்றின. தீனி போடுவது மட்டுமே மக்களின் பொறுப்பு.

அந்நாட்டு ஆற்றங்கரையில் வலை பின்னிப் பிழைத்தவள் சிட்டம்மா. ஒரு மழைக்காலத்தில் அரண்மனைப் பூங்காவுக்குள் வெள்ளம் புகக்கூடாதென்று, சொல்லாமல் கொள்ளாமல் அணையின் மதகைத் திறந்தார்கள். பரிசலில் மீன் பிடித்துக்கொண்டிருந்த அவள் கணவன் மாசாணத்தை ஆறு கொண்டுபோயிற்று. உடல் கரையொதுங்கியபோது சிட்டம்மா மாரில் அடித்துக்கொண்டு அழுதாள்:

"பூஞ்செடி நனையுமின்னு மதகத் தொறந்தீகளே,
எம் பொழப்பு நனைஞ்சுபோச்சே, யாருகிட்டச் சொல்லி அழ?"

கிளி சும்மா இருக்குமா? பாட்டு பறந்தது. அந்த வெள்ளத்தில் ஆளைப் பறிகொடுத்த பெண்கள் ஊருக்கு ஊர் தத்தம் அடிகளைச் சேர்த்தார்கள். ஒருத்தி மகனைச் சேர்த்தாள். இன்னொருத்தி கன்றுக்குட்டியைச் சேர்த்தாள். ஒப்பாரி ஊரளவு நீண்டது.

"அவள் நாக்கை அறுத்துவிடலாமா?" என்று மன்னர் கேட்டார்.

"கூடாது பிரபு," என்றார் பண்பாட்டு அமைச்சர். "தடை செய்தால் கொடுங்கோல் என்பார்கள். பாதுகாத்தால் கலையார்வம் என்பார்கள்."

படைப்பாளர் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. பறையறைந்து அறிவித்தபோது சிட்டம்மாவும் மகிழத்தான் செய்தாள். மறுவாரம் அதிகாரி ஒருவர் அவள் வாசலுக்கு வந்தார்.

"அம்மையே, தங்கள் பாட்டில் வரும் அணை யாருடையது?"

"ராசாவோடது."

"தண்ணீர்?"

"அதுவும் அவுகளோடதுதான்."

"மதகைத் திறந்தவர்?"

"அவுக ஆளுகதான். அதத்தான அய்யா பாடுறேன்."

"ஆக, மூலப்பொருள் முழுவதும் மன்னருடையது. எனவே பாட்டும் மன்னருடையது. அழுகை மட்டும் தங்களுடையது. அதற்கு அரசின் நன்றி."

"செத்தது எம் புருசன்யா!"

"அவரும் மன்னரின் குடிமகன்தானே?"

அன்றோடு எந்தக் கிளியும் அந்தப் பாட்டைச் சொல்லவில்லை. யாராவது முணுமுணுத்தால் கிளி சிறகடித்துக் கத்தும், காவலர் வருவார்கள். பெண்கள் சொற்களை மாற்றிப் பாடினார்கள். மெட்டும் மன்னருடையது என்று இரண்டாம் ஆணை வந்தது. மெட்டில்லாமல் அழுதார்கள். விம்மலுக்கும் விம்மலுக்கும் உள்ள இடைவெளி ஒத்திருந்தாலும் அது நகலே என்று அடுத்த ஆணை வந்தது. இழவு வீடுகளில் வாயில் துணியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

பிறகு ஒரு காலையில் சிட்டம்மாவின் கிளி தானாகவே பாடியது: "மதகத் தொறந்தாரு மன்னரு, மண்ணெல்லாம் குளுந்துச்சு!" குரல் சிட்டம்மாவுடையது. இடையில் மூச்சு முட்டித் தழுதழுக்கும் இடம்கூட அவளுடையதே. மாசாணத்துக்காக உடைந்த குரல் மன்னரைப் புகழ்ந்துகொண்டிருந்தது. கையிலிருந்த வலையைப் போட்டுவிட்டு அவள் நீதிமன்றத்துக்கு நடந்தாள்.

நீதிபதி அறவாழியார் கனிவாகவே விசாரித்தார். "பாட்டு உன்னுடையது என்பதற்குச் சான்று?"

"பாடிக் காட்டுறேன் சாமி."

"பாடினால் குற்றம்."

"பாடாட்டி?"

"சான்று இல்லை." வழக்கு தள்ளுபடியானது.

அடுத்த மழையிலும் பூங்காவைக் காப்பாற்றினார்கள். இம்முறை ஆற்றைக் கடந்துகொண்டிருந்தவர்களில் அறவாழியாரின் ஒரே மகனும் இருந்தான். அவர் மனைவி நாகவல்லி சேற்றில் நடந்து சிட்டம்மாவின் குடிசைக்கு வந்தாள்.

"பிள்ளையக் கிடத்தியிருக்கோம். சத்தம் வெளியே வர மாட்டேங்குது. பயமா இருக்கு. நீ வந்து அழு தாயி."

"என் வாயக் கட்டுனதே உங்க வீட்டய்யாதானம்மா."

"ஆமா. இப்ப அவரும் வாயில துணியோடதான் உக்காந்திருக்காரு."

சிட்டம்மாவுக்கு வசவொன்று தொண்டைவரை வந்தது. அதை விழுங்கிக்கொண்டு எழுந்தாள்.

பையனின் தலைமாட்டில் உட்கார்ந்து, நனைந்த அவன் முடியை ஒதுக்கிவிட்டு, பழைய சொற்களிலேயே பழைய மெட்டிலேயே பாடினாள். கூண்டிலிருந்த கிளி சிறகடித்துக் கத்தியது. அவள் நிறுத்தவில்லை. முதல் அடி முடிந்ததும் அறவாழியார் வாய்த்துணியைப் பிடுங்கி எறிந்துவிட்டு அடுத்த அடியைக் கதறினார். மனப்பாடமாக வைத்திருந்தார்.

பாடை கட்டுமுன் காவலர் வந்துவிட்டார்கள்.

"பாடியது யார்?"

"நான்தான்," என்றார் நீதிபதி.

"நானுந்தான்," என்றாள் அதுவரை ஓரடிகூடப் பாடாத நாகவல்லி.

சிட்டம்மா கையை நீட்டினாள். மூவரையும் கட்டி இழுத்துப் போனார்கள். பையன் முற்றத்தில் கிடந்தான்.

"மனிதர்களுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள். சிக்கல் அதில்தான்," என்று அமைச்சர் அவையில் வருத்தத்துடன் தெரிவித்தார். மறுநாள் நீதியாசனத்தில் ஒரு கிளி அமர்த்தப்பட்டது. வாதி வாய் திறக்குமுன்பே தீர்ப்பு வந்தது. அந்த வேகத்தைக் கேள்விப்பட்ட அண்டை நாடுகள், தங்களுக்கும் சில கிளிகள் வேண்டுமென்று ஆளனுப்பின. மன்னர் இலவசமாகவே கொடுத்தார்.