தோளுக்குச் செய்த பிளேட்

அடிபடாமல் விழுவது எப்படி என்று யாருக்கும் செய்து காட்டக் கூடாது. எனக்கு இது பதிமூன்று வயதில் தெரிந்தது. கொஞ்சம் முன்னால் தெரிந்திருக்கலாம்.

பள்ளியில் அப்போதுதான் ஜூடோ வகுப்பில் சேர்ந்திருந்தேன். விழுவதில் முதல் பாடம் முடிந்திருந்தது. அந்தத் தகுதியோடு ஸ்ரீரங்கத்தில் அத்தை வீட்டுக்குப் போய், அத்தை மகள்களை உட்கார வைத்து, "நல்லா பாருங்கடி, தோளை உருட்டணும்" என்று விளக்கிவிட்டுக் கட்டிலிலிருந்து குதித்தேன். எம்பியபோது கட்டிலின் கால் முறிந்தது. இறங்கியபோது என் காறை எலும்பு முறிந்தது. (அத்தை ஓடி வந்து "ஐயோ, கட்டிலு!" என்றுதான் முதலில் கத்தினார். இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.)

டாக்டர் எக்ஸ்ரேயைக் காட்டினார். எலும்பு இரண்டாகி, ஒரு முனை இன்னொன்றின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது.

"தோல் கிழியல. விரலெல்லாம் நல்லா அசையுது. ஆபரேஷன் வேண்டாம். கையை ஸ்லிங்ல தொங்கவிட்டா தானா கூடிடும்."

எனக்கு உயிர் வந்தது. ஊசிக்கே ஊரைக் கூட்டுகிறவள் நான். ஆனால் அப்பாவின் முகம் சுருங்கிவிட்டது. அவர் பொன்மலை ரயில்வே பட்டறையில் ஃபிட்டர்.

"ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்குது சார். பிளேட்டு வச்சு ஸ்க்ரூ போடாம எப்படிங்க கூடும்?"

"பெரியவங்களா இருந்தா யோசிக்கலாம். சின்ன வயசுங்க, வளர்ற எலும்பு. கொஞ்சம் புடைப்பு தெரியும், அப்புறம் அதுவும் குறைஞ்சிடும்."

அப்பா தலையாட்டினார். நம்பவில்லை.

அப்பாவுக்குப் பயம் வந்தால் அளவெடுப்பார். எடமலைப்பட்டி புதூரில் எங்கள் வீட்டுக்கு வந்ததும் எக்ஸ்ரே மேல் ஸ்கேலை வைத்தார். அப்புறம் என் நல்ல தோள் மேல் டேப்பை வைத்தார். ஜாக்கெட் தைக்க அளவெடுக்கிறார் என்று நினைத்துப் பக்கத்து வீட்டு அக்கா, "விசேஷமா?" என்று கேட்டார். எனக்கு அழுகையாக வந்தது. டாக்டர் வேண்டாம் என்ற ஆபரேஷனை அப்பா வாங்கிக் கொடுத்துவிடுவார் போலிருந்தது.

அடுத்த முறை டாக்டரிடம் போனபோது, அப்பா சட்டைப் பையிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்து மேஜை மேல் பிரித்தார். உள்ளே பளபளவென்று ஒரு எவர்சில்வர் பிளேட். ஆறு ஓட்டை. ஓரமெல்லாம் உரசி, தோள் வளைவுக்கு லேசாக வளைத்து, கூடவே ஸ்க்ரூவும் கொண்டு வந்திருந்தார்.

"துருப் பிடிக்காது சார்."

அறையில் இருந்த நர்ஸ் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் மேஜைக்கு அடியில் போகப் பார்த்தேன். ஸ்லிங் இடித்தது.

டாக்டர் சிரிக்கவில்லை. எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வேலை சுத்தமா இருக்குங்க. ஆனா உங்க தண்டவாளம் தானா வளராது. இது வளரும்."

அப்பாவின் குரல் இறங்கிவிட்டது. "ஒரே பொண்ணு சார். எதுவுமே செய்யாம சும்மா எப்படிங்க உக்காந்திருக்கிறது?"

அதுவரை அவர் மேல் இருந்த கோபமெல்லாம் எனக்கு அங்கேயே போய்விட்டது. மனுஷர் கத்தியைக் கேட்கவில்லை, கைக்கு ஒரு வேலையைக் கேட்டிருக்கிறார்.

"சும்மா இருக்கிறதுதான் வைத்தியம்," என்றார் டாக்டர். "கஷ்டம்தான். இருங்க."

இருந்தார். எலும்பும் கூடியது. புடைப்பு கொஞ்ச நாள் குட்டி எலுமிச்சை போலத் துருத்தி நின்றுவிட்டு, பிறகு தேடினால்தான் கிடைக்கும் அளவுக்கு அடங்கியது.

கட்டில் கால் மட்டும் தானாகக் கூடவில்லை. அப்பா அந்த பிளேட்டை அதற்கு வைத்து, ஆறு ஸ்க்ரூவும் போட்டு முடுக்கினார். இன்னும் அசையவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு நானும் என் கணவரும் அத்தை வீட்டுக்கு விருந்துக்குப் போனபோது, அப்பா அவரைக் கட்டிலுக்கு முன்னால் குனிய வைத்துக் காட்டினார்: "பாத்தீங்களா மாப்பிள்ளை? இது உங்க பொண்டாட்டி தோள்ல இருக்க வேண்டியது."

இப்போதும் சொந்தக்காரர்கள் போன் செய்தால் என் தோளை யாரும் விசாரிப்பதில்லை. கட்டில் எப்படி இருக்கிறது என்றுதான் கேட்கிறார்கள்.