விசிலரும் சறுக்கு மணலும்

யுத்த காலத்து மட்டக்களப்பில் ஆமிக்குப் பயந்தவர்கள் இருந்தார்கள், இயக்கத்துக்குப் பயந்தவர்கள் இருந்தார்கள். விசிலருக்குப் பயப்படாதவர் மட்டும் ஒருவருமில்லை. வாவிக்கரைச் சிறுவர் பூங்காவின் காவலாளி அவர். கழுத்தில் விசில், வாயில் ஏச்சு. சொந்தப் பெயர் அவர் மனைவிக்காவது ஞாபகம் இருந்ததோ என்னவோ.

ஒருநாள் பின்னேரம் டவுனுக்குள் வெடிச்சத்தம். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பூங்காவுக்குள்ளால் விழுந்தடித்து ஓடினோம். காது கிழிய விசில்.

“ஓடுறாக்கள் பாதையால ஓடுங்க! பூப்பாத்தி கண்ணுக்குத் தெரியல்லியா?”

உயிர் போகிற நேரத்தில் இந்த மனிதருக்குப் பூப்பாத்தி! வந்த ஆத்திரத்தில் அந்தச் செவ்வந்தியை வேரோடு பிடுங்கி அவர் வாய்க்குள் திணித்திருப்பேன். ஆனால் பாதையால்தான் ஓடினேன்.

பிறகு ஒரு காலையில் சறுக்கின் அடியில் கிடந்த மணலைக் காணவில்லை. வாசலுக்கு எதிரே புதிதாக எழும்பிய ஆமிச் சென்றியின் காவல் மண்மூட்டைகளுக்குள் போய்விட்டது. பிள்ளைகள் சறுக்கி வந்து விழுகிற இடத்தில் கல்லும் வேருமாகக் கட்டாந்தரை. வேலைக்குப் போய்க்கொண்டிருந்த என்னை விசிலர் மறித்தார்.

“புள்ள, உனக்குச் சிங்களம் தெரியும்தானே. கள்ளனுகள் எண்டு சொல்லு.”

“ஐயோ ஐயா, சுட்டுப்போடுவானுகள்!”

“சுடட்டும். சுட்டுப்போட்டு மறுகா மண்ணத் தரட்டும்.”

அவரோடு சென்றியடிக்குப் போய், “ஐயா மிகப் பணிவாகக் கேட்கிறார்” என்று சிங்களத்தில் தொடங்கினேன். பக்கத்தில் அந்தப் பணிவு கையை வீசிக் கத்திக்கொண்டிருந்தது. அது அரசாங்கத்து மண் என்றான் ஆமிக்காரன். விசிலருக்குச் சொன்னேன்.

“நானும் அரசாங்கம்தான் எண்டு சொல்லு!”

சொல்லவில்லை. எனக்கும் வீட்டில் மூன்று வயது மகள் இருந்தாள்.

மணல் திரும்பி வரவில்லை. கடற்கரையில் அள்ளி வரலாமென்றால் அங்கே போக அனுமதியில்லை. சறுக்கைக் கயிறு கட்டி மறியுங்கள் என்றேன். எனக்கும் விழுந்தது ஏச்சு.

“அதுகளுக்கு இந்த ஊருல வேற என்ன மிச்சம் இரிக்கி?”

இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி. நடுவில் இருக்கிற ஊரில் பிள்ளைகள் விழுவதற்கு மணல் இல்லாமல் பண்ணினார்கள், நாசமாய்ப் போவார்கள்!

ஏச்சு வாங்கிய அன்று பின்னேரம் மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். விசிலர் காக்கிக் காற்சட்டையோடு சறுக்கின் அடியில் அந்தக் கல்லின்மேல் முழங்காலில் நின்றார். சறுக்கி வருகிற ஒவ்வொரு பிள்ளையையும் நெஞ்சில் ஏந்தி இறக்கினார். ஒவ்வொன்றுக்கும் ஏசினார்.

“ஆறுதலா, மெதுவா வா, மூதேவி! ம், அடுத்த ஆள்!”

பூங்கா மூடும்வரை அப்படியே நின்றார். மறுநாளும் நின்றார். அதற்குப் பிறகும் நின்றார்.

என் மகளையும் ஏந்தினார், மூதேவி என்றார். என் பிள்ளையை அப்படிச் சொன்னவரை நான் சும்மா விடுகிறவள் இல்லை. அன்றைக்கு மட்டும் அந்தக் கைகளைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.