பல் முகாமில் கல்கண்டுத் தட்டு

நசரத்பேட்டை,
வெள்ளிக்கிழமை.

மரியாதைக்குரிய மாப்பிள்ளை டாக்டர் விக்ரம் அவர்களுக்கு, மாமனார் எத்திராஜ் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் உங்கள் அத்தையும் நலம். நலம் என்று எழுதியபின் அது பொருத்தமான சொல்தானா என்று சந்தேகம் வந்தது. அடித்தால் அசிங்கமாக இருக்குமென்று விட்டுவிட்டேன்.

நீங்கள் போனை எடுக்காததில் எனக்கு வருத்தமில்லை. உங்கள் இடத்தில் இருந்தால் நானும் எடுத்திருக்க மாட்டேன். நரிக்குறவர் குடியிருப்பு அங்கன்வாடியில் ஞாயிறன்று நடந்த தவறு முழுக்க என்னுடையது. எங்கள் நலச்சங்கத்தில் எந்த விழாவானாலும் வரவேற்பு மேசை என் பொறுப்பு. அந்தப் பழக்கத்தில் உங்கள் பல் முகாமுக்கும் சந்தனம், குங்குமம், கல்கண்டு என்று தட்டை அடுக்கி வாசலில் வைத்தேன். வைக்கும்போதே ஏதோ உறுத்தியது. சந்தனம் போதாதோ என்றுதான் உறுத்துகிறது என நினைத்து, இன்னும் கொஞ்சம் கரைத்தேன். பிள்ளைகள் சந்தனத்தைத் தொடவே இல்லை. கல்கண்டை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு, வரிசையின் கடைசிக்குப் போய் மறுபடியும் வந்தார்கள். நீங்கள் விளக்கை அடித்தபோது ஒவ்வொரு வாயும் மின்னியது. "மாமா, இது முகாமா, கல்யாணப் பந்தியா?" என்று கேட்டுப் பெட்டியை மூடினீர்கள். நியாயம்தான்.

ஆனால் கன்னம் வீங்கிய அந்த நான்கு வயதுக் குழந்தை யுவராணியை மறந்திருக்க மாட்டீர்கள். மேல் முன்பற்கள் கறுத்துக் கட்டையாகி, வேரில் சீழ் கட்டிவிட்டது, உடனே கிளினிக்குக்குக் கூட்டி வாருங்கள் என்றீர்களே, அவள்தான். அவள் தாய் சொர்ணம் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் பாசிமணி விற்கிறாள். நேற்று அவளிடம் போய், தூங்கும்போது பாட்டிலில் சர்க்கரை டீ கொடுக்கக் கூடாது என்று நீங்கள் சொன்னபடியே சொன்னேன்.

"வாசல்ல சக்கரத் தட்ட வெச்சிகினு நின்ன நீ வந்து எனுக்குச் சொல்றியா, நைனா? புட்டியப் புடுங்கினா கத்துது. ராவிக்கி நீ வந்து தூங்க வெய்யி, வா."

கிளினிக் என்றதும் அவள் முகம் மாறிவிட்டது. "போன தபா ஒரு ஆஸ்பத்திரில எங்கள வெளியவே குந்த வெச்சாங்க. அல்லாரையும் பாத்தாங்க, எங்களப் பாக்கல. டாக்டரு இங்க வரட்டும், காட்றேன். நான் எங்கியும் வரமாட்டேன்."

தலையை மட்டும் ஆட்டினேன். அதையும் சரியாக ஆட்டினேனா தெரியவில்லை. எனவே வரும் ஞாயிறு தாங்கள் இன்னொரு முறை அங்கன்வாடிக்கு வர வேண்டும். வரவேற்பு மேசை இருக்காது. மிச்சக் கல்கண்டை டப்பாவில் போட்டு அலமாரியின் மேல்தட்டில் ஏற்றிவிட்டேன்.

உங்களுக்கும் மகள் திவ்யாவுக்கும் எங்கள் மனமார்ந்த ஆசிகள். அத்தையும் ஆசி சொல்லச் சொன்னாள். கோபம் எதையும் சொல்லச் சொல்லவில்லை.

இப்படிக்கு,
எத்திராஜ்

பி.கு.: ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம். உறையை ஒட்டும் நேரத்தில் சொர்ணம் வந்து நிற்கிறாள். பிள்ளைக்கு ஜுரம், ஒரு கண் மூடும் அளவுக்கு வீக்கம். "எங்கன்னாலும் வரேன் நைனா, கூட்டிகினு போ" என்கிறாள். இப்போதே ஆட்டோவில் உங்கள் கிளினிக்குக்குக் கிளம்புகிறோம். நீங்கள் போனை எடுக்காததால் கடிதத்தையும் கொண்டு வருகிறேன். உள்ளே கொடுத்தனுப்பிவிட்டு வாசலில் நிற்போம். தயவுசெய்து உடனே உள்ளே கூப்பிடுங்கள். வெளியே உட்கார வைத்துவிடாதீர்கள். இன்னொன்று: பிள்ளை அலறிய அலறலில் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மேல்தட்டுக் கல்கண்டு டப்பாதான் கைக்கு வந்தது. வாயைத் திறந்தால் ஏதாவது மின்னும். என்னை மட்டும் திட்டுங்கள்.